பதினோராம் பாட்டு

கவிதை என்றால் இன்பம் தருவது என்பது நம்மில் பெரும்பாலோர் கொண்டுள்ள எண்ணம். துன்பத்தைப் பாடினாலும் முடிவில் ஓர் ஆறுதலைத் தந்துவிட்டுப் போவதே நல்ல கவிதைக்கு இலக்கணம் என்று கொள்கிறோம். அதனாலேயே இக்காலக் கவிதைகள் சிலவற்றை நம் மன்றக் கூட்டத்தில் யாரேனும் படித்து முடித்தால், கைதட்டுவதா வேண்டாவா என்று தெரியாமல் எல்லோரும் சிறிது நேரம் விழிக்கிறோம். பிறகு ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி, குறையையே சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? கடைசியில் ஒரு நம்பிக்கை வேண்டாவா?" என்று கேட்கிறார். இன்னொருவர், "பிற மொழியார் நடுவில் வந்து வாழ்கிறோம். இங்கே நம் பண்பாட்டின் பெருமையைச் சொல்லாமல் இதையா சொல்வது?" என்கிறார்.

இரண்டும் நல்லெண்ணத்தில் எழுந்த கேள்விகளே. அவற்றைத் தட்டிக் கழித்தல் முறையன்று. விடை தேடி மேல்நாட்டுத் திறனாய்வு நூல்களைப் புரட்ட வேண்டும் என்பதும் இல்லை. மைசூரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் மேல்கோட்டை இருக்கிறது. அங்கிருந்தே தொடங்கலாம்.

நம்மில் பலர் அவ்வூருக்குப் போயிருப்பர். கல்யாணிக் குளத்தின் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டு, யோக நரசிம்மர் மலையில் ஏறி இறங்கி, புளியோதரைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பர். அவ்வூரின் மற்றொரு பெயர் திருநாராயணபுரம். சோழ நாட்டை விட்டு வந்த இராமானுசர் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்பது வைணவ மரபு. அவர் வழிவந்த குடும்பங்கள் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகின்றன. படிப்பதும் எழுதுவதும் கன்னடத்தில். அந்தத் தமிழில் கன்னடம் கலந்திருக்கும். ஆனால் இரசத்தைச் சாத்தமுது என்றும், பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் சொல்லும் வழக்கம் அழியவில்லை. குடிபெயர்ந்த தமிழர் என்று நாம் நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். நமக்கு ஒன்பது நூற்றாண்டு மூத்தவர்கள் அவர்கள்.

அவ்வூர்க் கோயிலில் திவ்வியப் பிரபந்தம் ஓதுகிறார்கள். அதில் நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களைக் கொண்டது. நூறு பதிகங்கள். பதிகம் என்றால் பத்துப் பாட்டு என்பது பெயர்ப்பொருள். எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பதினொன்று இருக்கும். ஒரே ஒரு பதிகத்தில் மட்டும் பதின்மூன்று. (நூற்றைப் பதினொன்றால் பெருக்கி இரண்டைக் கூட்டினால் கணக்குச் சரியாகிவிடும். இப்படிக் கணக்குப் பார்ப்பது அறிவியல் படிப்போர்க்கு உள்ள நோய்.) அந்தப் பதினோராம் பாட்டு தனிவகையானது. பாடியவர் குருகூர்ச் சடகோபன் என்று பெயரைச் சொல்லும். இப்பத்தையும் ஓதுவோர்க்கு இன்ன பயன் கிட்டும் என்று உறுதி கூறும். பலசுருதி என்று இதற்குப் பெயர். முந்திய பத்துப் பாட்டில் ஆழ்வார் கைவிடப்பட்ட பெண்ணாகி எவ்வளவு கதறியிருந்தாலும், பதினோராம் பாட்டில் நாம் கரையேறிவிடலாம்.

இது வைணவர்க்கு மட்டும் உரியதன்று. திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகங்களிலும் கடைசிப் பாட்டு இவ்வகையே. அதைத் திருக்கடைக்காப்பு என்பர். கடையில் நின்று காப்பது! ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் காது இந்த அமைப்பில் பழகியிருக்கிறது. கூத்தின் இறுதியில் மங்களம் பாடுவதும், திரைப்படத்தின் கடைசிக் காட்சியில் கெட்டவன் திருந்துவதும் இதன் கிளைகளே. ஆகவே ஒரு புதுக்கவிதை பத்துப் பாட்டோடு நின்றுவிட்டால், "இன்னும் ஒன்று இருக்கவேண்டுமே, எங்கே?" என்று நம் காது கேட்கிறது. மன்றத்தில் எழும் முதற் கேள்வியின் வேர் இதுதான்.

பதினோராம் பாட்டைக் குறைத்து மதிப்பிடுதல் என் கருத்தன்று. அது பலருக்கு வாழ்வு தந்த பாட்டு. ஆனால் அது தந்த வாக்குறுதி யாருக்கு எவ்வளவு நிறைவேறியது என்பதையும் மேல்கோட்டையிலேயே பார்க்கலாம்.

அவ்வூரின் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. கோயிலின் உற்சவத் திருமேனியான செல்வப்பிள்ளையைத் தில்லிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். இராமானுசர் தில்லி சென்று அதை மீட்டு வந்தாராம். திரும்பும் வழியில் அவருக்குத் துணைநின்று காத்தவர்கள் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். அந்த நன்றிக்காக அவர்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயர் சூட்டி, கோயிலுக்குள் வந்து வழிபடும் உரிமையையும் இராமானுசர் அளித்தார் என்பது கதை. இதில் காலம் இடிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தில்லிச் சுல்தான்களின் ஆட்சி தோன்றியது 1206இல். மரபுப்படி இராமானுசர் மறைந்தது 1137இல். ஆனால் அந்த உரிமை கதையன்று. ஆங்கிலேயர் காலத்து மைசூர் கெஸட்டியர் அதைப் பதிவு செய்திருக்கிறது. வேறு கோயில்களின் நிழலைக்கூட மிதிக்க முடியாதிருந்த காலத்தில், மேல்கோட்டைக் கோயிலுக்குள் அம்மக்கள் சென்று வழிபட்டிருக்கிறார்கள். இந்திய வரலாற்றில் இது சிறிய செயலன்று.

ஆயினும் அந்த உரிமைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது. ஆண்டில் குறிப்பிட்ட சில நாட்களே அவர்களுக்கு உரியவை. மற்ற நாட்களில் அவர்கள் மீண்டும் வெளியே. உய்வு வந்தது, ஆனால் பஞ்சாங்கம் பார்த்து வந்தது. 1950இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இன்று எவரும் எந்த நாளும் போகலாம் என்பதே சட்டம். ஆனால் எண்ணிப் பாருங்கள். இராமானுசரைப் போன்ற ஒரு பெருமகன் மனமுவந்து கொடுத்த விடுதலைக்கே இத்தனை நூற்றாண்டுகளாக வேலி இருந்தது. திருக்குலத்தார் என்ற அழகிய பெயரைப் பெற்ற ஒருவன், விழா முடிந்த மறுநாள் காலையில் கோயில் வாசலைக் கடந்து போகும்போது என்ன நினைத்திருப்பான்? பிரபந்தத்தில் அதற்குப் பாட்டு இல்லை. திருவிழாவின் மறுநாளைப் பற்றிய பாட்டுகள்தாம் நம்மைக் கலங்கவைக்கும் இக்காலக் கவிதைகள் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அது அகலிகையின் கதை.

மேல்கோட்டையில் 1905இல் பிறந்தவர் பு.தி. நரசிம்மாச்சார். கன்னட உலகம் அவரைப் பு.தி.ந. என்று அழைக்கும். வீட்டில் தமிழ் பேசிய குடும்பம், எழுதியது கன்னடத்தில். 1933இல் அவருடைய முதற் கவிதைத் தொகுதியான 'ஹணதெ' வெளிவந்தது. ஹணதெ என்றால் அகல்விளக்கு. 1966இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். 1998இல் மறைந்தார். மேல்கோட்டையில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. புளியோதரைக் கடையில் நிற்கும் நேரத்தில் பாதியை அங்கே செலவிடலாம். அவர் அகலிகையைப் பற்றி 'அகல்யெ' என்னும் இசை நாடகம் எழுதினார். காமத்துக்கும் அறத்துக்கும் நடக்கும் போராட்டம் அது. அகலிகை வெறுக்கத்தக்கவளாக அதில் வரவில்லை. தவறியவளிடம் இரக்கம் காட்டி, இராமன் வரவில் அவளை எழுப்பி நிறுத்தும் மனம் பு.தி.ந.வின் மனம். பதினோராம் பாட்டை நம்பிய ஊரில் பிறந்தவர் அவர். அந்த நம்பிக்கையின் மிக உயர்ந்த வடிவங்களுள் ஒன்று அவர் எழுத்து.

அவருக்கு ஓராண்டு இளையவர் நம் புதுமைப்பித்தன். 1906இல் பிறந்தவர். அவரும் அகலிகையை எடுத்துக்கொண்டார். 1943இல் வந்த 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையை நீங்கள் படித்திருப்பீர்கள். அது கவிதை அன்று என்று யாரேனும் சொன்னால் நான் வாதிட மாட்டேன். ஆனால் நான் சொல்ல வந்ததை அதைவிடத் தெளிவாகக் காட்டும் நூல் தமிழில் இல்லை. இராமன் கால்பட்டு அகலிகை எழுகிறாள். பழைய கதை அங்கே முடிந்துவிடும். புதுமைப்பித்தன் கதையோ அங்கேதான் தொடங்குகிறது. எழுந்தவள் மறுநாள் எப்படி வாழ்வாள்? கணவனோடு எப்படிப் பேசுவாள்? ஊரார் கண்ணை எப்படித் தாங்குவாள்? பின்பு இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்பதைச் சீதையின் வாயால் கேட்கிறாள். தன்னை மீட்டவன் தந்த மீட்சியின் அளவு அப்போது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. மீண்டும் கல்லாகிறாள்.

அகலிகை கதையில் புதுமைப்பித்தன் எதையும் பழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விமோசனம் பொய் என்று அவர் சொல்லவில்லை. விமோசனத்தை உண்மை என்று ஒப்புக்கொண்டு, அதற்கு அடுத்த நாளைக் கேட்டார், அவ்வளவே. அந்த ஒரு கேள்வி நாத்திகப் பிரசாரம் பத்தை விடக் கனமானது. அமைதியைக் குலைக்கும் இலக்கியம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இத்தகையதே. அது நம் பண்பாட்டை வெளியிலிருந்து கல்லெறிவதில்லை. நம் பண்பாடு கொடுத்த வாக்கை நினைவில் வைத்துக்கொண்டு, நேரே வந்து கேட்கிறது.

கலங்கிய பண்பாடு என்ற பொருளைக் கவிதையில் கொண்டுவந்தவர்களை எண்ணும்போது டி.எஸ். எலியட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவின் உள்ளம் வறண்டு கிடந்ததைப் பாடும் அவருடைய 'பாழ்நிலம்' 1922இல் வெளிவந்தது. அதன் முடிவில் அவர் எதைத் தேடிப் போனார் தெரியுமா? பிருகதாரண்யக உபநிடதத்தை. கொடு, இரங்கு, அடங்கு என்று பொருள்படும் மூன்று சமஸ்கிருதச் சொற்களையும், மூன்று முறை சாந்தி என்ற சொல்லையும் வைத்துக் கவிதையை முடித்தார். கவிதைக்குள் அவற்றை மொழிபெயர்க்கவில்லை. பாழ்நிலத்தைப் பாடியவருக்கும் பதினோராம் பாட்டு தேவைப்பட்டிருக்கிறது; தம் வீட்டில் கிடைக்காததால் நம் வீட்டில் கடன் வாங்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். அவரிடம் பாடம் கேட்ட தலைமுறை இங்கும் எழுந்தது. மைசூரில் படித்த கோபாலகிருஷ்ண அடிகரின் 'பூமிகீத' 1959இல் வந்தது. அதே 1959இல் சென்னையில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார். தமிழில் புதுக்கவிதை அதன் பக்கங்களில் வேரூன்றியது.

ஆனால் இவர்களுடைய கலக்கத்துக்கும் பின்னால் வந்தவர்களுடைய கலக்கத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. எலியட்டும் அடிகரும் பண்பாடு நோயுற்றது என்று வருந்தினார்கள். ஒருகாலத்தில் நலமாக இருந்தது, இப்போது சீர்கெட்டது என்பது அவர்கள் உணர்வு. ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்து எழுந்த கவிதையோ, பண்பாடு நலமாக இருந்த நாட்களில்தான் நாங்கள் அடிபட்டோம் என்று சொல்கிறது. இயந்திரம் பழுதாகி ஓடவில்லை. எதற்காகச் செய்தார்களோ அதற்காகவே நன்றாக ஓடுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் படித்தால், பின்னவர்களின் கவிதை வெறும் கூச்சலாகவே நமக்குக் கேட்கும்.

அந்தக் கவிதை பிறந்த சூழலில் நம் மைசூருக்கும் பங்கு உண்டு. 1973ஆம் ஆண்டு நவம்பரில் இந்நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த பி. பசவலிங்கப்பா பேசினார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா' என்றார். பூசா என்பது மாட்டுக்கு வைக்கும் தவிடு. உடனே கலவரம் மூண்டது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்; தலித் மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. ஒரு சொல்லுக்காக இவ்வளவும்! அந்தச் சொல் சரியானதா என்று கேட்டால், முழுதும் சரியன்று என்றே சொல்வேன். வசனங்களைப் பாடிய பசவண்ணர் மொழியில் எல்லாம் தவிடாக இருக்க முடியாது. ஆனால் அன்று யாரும் இலக்கியத்தை எடுத்து வைத்து விடை சொல்லவில்லை. கல்லை எடுத்தார்கள். தன் இலக்கியம் இரக்கத்தை வளர்ப்பது என்று நம்பிய ஒரு சமுதாயம், அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற மாணவர்களை அடித்தது. பசவலிங்கப்பாவின் சொல்லை விட இந்த நிகழ்ச்சியே இலக்கியத்தைப் பற்றிய கடுமையான விமர்சனம்.

இரண்டாண்டு கழித்து, 1975இல், சித்தலிங்கையா என்ற இளைஞரின் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. பெயர் 'ஹொலெமாதிகர ஹாடு'. ஹொலெயர், மாதிகர் என்ற இரு குலத்தாரின் பாட்டு என்று பொருள். மாகடி வட்டத்தில் 1954இல் பிறந்தவர். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. நம்மை விட இளையவர். தம் மக்களைப் பற்றி அதில் ஒரு பாட்டு வைத்தார். உழுதவர், கல் சுமந்தவர், மாளிகை எழுப்பியவர் என்று அவர்கள் செய்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அணி இல்லை, உவமை தேடும் முயற்சி இல்லை. வேலைகளின் பட்டியலே பாட்டு. ஆனால் படிக்கப் படிக்க, நாம் இருக்கும் வீடும் நடக்கும் சாலையும் உண்ணும் சோறும் ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலுக்குள் போய்விடுகின்றன. பட்டியலின் முடிவில் அம்மக்கள் கையில் என்ன மிஞ்சியது என்பதை அவர் வாய்விட்டு விளக்குவதில்லை. நாற்பத்தேழாம் ஆண்டு விடுதலையைப் பற்றியும் அவர் ஒரு பாட்டு எழுதினார். குடிசைகளின் நடுவே நின்றுகொண்டு, அந்த விடுதலை போய்ச் சேர்ந்த வீட்டின் முகவரியை விசாரிக்கும் பாட்டு. சினத்தின் உச்சத்தில் திருப்பி அடிக்கச் சொல்லும் பாட்டு ஒன்றும் உண்டு. ஊர்வலங்களில் பாடப்பட்டதால் அதுவே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்தச் சினப்பாட்டைப் படித்துவிட்டு, "இது கவிதையா, கோஷமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோஷமாகவும் இருக்கிறது என்பதே நேர்மையான விடை. அதை மட்டும் படித்து நிறுத்திவிட்டால் சித்தலிங்கையாவை நாம் அறிந்தவர்கள் ஆகமாட்டோம். அவர் பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் கன்னடப் பேராசிரியரானார். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் கிராம தேவதைகள். பெருங்கோயிலின் கதவில் முட்டிய சினம், தன் மக்கள் ஊர் எல்லையில் வைத்து வணங்கிய தெய்வங்களிடம் ஆண்டுக்கணக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கொரோனாத் தொற்றால் மறைந்தார்.

மீட்சி என்ற சொல்லுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. உய்வு, விமோசனம், மீட்சி ஆகிய சொற்களில் ஒருவர் கொடுக்கிறார், ஒருவர் பெறுகிறார். ஆழ்வாருக்குத் திருமால், அகலிகைக்கு இராமன், திருக்குலத்தாருக்கு இராமானுசர். சித்தலிங்கையாவின் பாட்டில் கொடுப்பவர் யாரும் இல்லை. அதனால் அது நம்பிக்கை இல்லாத பாட்டு என்று சொல்லிவிட முடியுமா? பட்டியலிடுவதே தம் மக்களை மதிக்கும் செயல். ஆனால் அந்த நம்பிக்கை கேட்பவர்க்கு ஆறுதல் தருவதற்காக வைக்கப்பட்டதன்று. மாளிகையில் இருப்பவன் அப்பாட்டைக் கேட்டு, "நல்லவேளை, எல்லாம் சரியாகிவிடும்" என்று பெருமூச்சு விட முடியாது. நமக்கு எரிச்சல் வருவது இங்கேதான். பலன் கிடைக்கும் என்று பழகிய கேள்வியாளர்கள் நாம். இப்பாட்டின் பலன் நம் பெயருக்கு எழுதப்படவில்லை.

இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அயலார் நடுவில் இருக்கும்போது நம் அழுக்கை நாமே எடுத்துக் காட்டலாமா?

குடிபெயர்ந்தவர்களின் மனம் எனக்குத் தெரியாதது அன்று. ஊரை விட்டு வந்தவனுக்கு மொழி ஒரு நகைப் பெட்டி. பொங்கல் விழாவில் திறந்து, பார்த்து மகிழ்ந்து, மூடி வைக்கிறோம். பேருந்தில் தமிழில் பேசும்போது குரல் தானே தாழ்ந்துபோகும் நாட்களும் இங்கே வந்ததுண்டு; காவிரி நீர்ப் பிணக்கால் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் இம்மாநிலத்தில் நடந்ததை மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம், சிலர் பார்த்தும் இருக்கிறோம். அத்தகைய நிலையில் பெருமைப் பாட்டைத் தேடுவது இயல்பு. ஆனால் பெருமை மட்டுமே வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 1973இல் தெருவில் இறங்கியவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? கையில் கல் இல்லை என்பது மட்டுமே.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தமிழ் பேசிய வீட்டிலிருந்து வந்து கன்னடத்தில் எழுதினார் பு.தி.ந. கன்னடம் பேசிய வீட்டிலிருந்து வந்து தமிழில் எழுதினார் ஞானக்கூத்தன். மயிலாடுதுறையை அடுத்த திருஇந்தளூரில் 1938இல் பிறந்தவர். 1973இல் வந்த அவருடைய தொகுதி 'அன்று வேறு கிழமை'. தமிழ் எங்கள் மூச்சு என்று மேடையில் முழங்குவோரை மிகச் சில சொற்களில் கேலி செய்து அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நம் ஆண்டு விழாவில் அதைப் படித்தால் முன்வரிசையில் இருப்போர் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசை. மொழியை மிக நன்றாகக் கற்றவரே அம்மொழியின் பெயரால் நடக்கும் ஆரவாரத்தைப் பார்த்துச் சிரிக்க முடியும். அது மொழிக்குச் செய்த துரோகம் என்று எந்தத் தமிழ் வாசகரும் சொல்லார்.

சிரிப்போடு நிற்காத கவிதையும் தமிழில் உண்டு. இராணிப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை சுகிர்தராணி. 'கைப்பற்றி என் கனவு கேள்' என்பது அவருடைய முதல் தொகுதி. அடுத்தது 'இரவு மிருகம்'. அவருடைய ஒரு கவிதையில் ஒரு சிறுமி வருகிறாள். பறையடிக்கும் தந்தையைத் தெருவில் கண்டால் காணாதவள் போலப் போய்விடுகிறாள். வீட்டில் நடக்கும் தொழிலைப் பள்ளியில் மறைக்கிறாள். கடைசிப் பெஞ்சில் அமர்ந்து அழுகிறாள். வளர்ந்த பின்பு, யாரேனும் கேட்டால் தன் சாதியின் பெயரை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறாள். அதோடு கவிதை முடிகிறது. அந்தக் கடைசிச் சொல்லைப் பாருங்கள். இழிவு செய்வதற்கென்றே ஊர் வைத்திருந்த சொல்; அதைக் கூசாமல் எடுத்துத் தன் பெயராக நிறுத்துகிறாள். பலசுருதிப் பாட்டிலும் பாடியவரின் பெயர் கடைசியில்தானே வரும்! பயனைச் சொல்லும் பகுதி மட்டும் இங்கே இல்லை.

2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து சுகிர்தராணியின் கவிதைகளையும், பாமாவின் எழுத்தையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையையும் நீக்கியது. ஆசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். கலங்கவைக்கும் எழுத்து மாணவர்க்கு வேண்டாம் என்று பெரியவர்கள் முடிவு செய்வது இன்றும் நடக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். மன்றக் கூட்டத்தில் நாமே அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்படியானால் இக்கவிதைகளை எப்படிப் படிப்பது? இலக்கிய மாணவர் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். எனக்குத் தெரிந்தது ஆய்வுக்கூடம். 1887இல் மைக்கேல்சன், மார்லி என்னும் இருவர், வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அக்காலத்தில் எல்லோரும் நம்பிய ஈதர் என்ற பொருளினூடே பூமி செல்லும் வேகத்தை அளக்க முயன்றார்கள். எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. கருவியில் பிழை என்று சொல்லி ஓர் எண்ணை நிரப்பியிருந்தால் எல்லோரும் மகிழ்ந்திருப்பர். அவர்களோ கிடைக்கவில்லை என்பதையே வெளியிட்டார்கள். புதுக்கவிதை விட்டு வைக்கும் வெற்றிடத்தையும் நாம் அவ்வாறே விட்டு வைக்கப் பழக வேண்டும். படித்து முடித்தவுடன், "ஆனாலும் இப்போது நிலைமை மாறிவிட்டது" என்று நாமே ஒரு பதினோராம் பாட்டைச் சேர்த்துவிடுகிறோம். அப்படிச் சேர்த்த கணத்தில் கவிதை நம்மிடமிருந்து போய்விடுகிறது. அதற்குப் பதிலாகக் கவிதையை இன்னொரு முறை வாய்விட்டுப் படிக்கலாம். பேசுவது யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், நாம் நிற்கும் இடம் எது என்று பார்க்கலாம். 'என் மக்கள்' என்று கவிஞர் சொல்லும்போது அதில் நாம் அடங்குவோமா? அடங்கமாட்டோம் என்றால் அடுத்த வரியில் யாராக வருகிறோம்? கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் இதற்குப் பத்து விடை வரும். நம் எல்லோர் வீடும் ஒரே தெருவில் இருந்ததில்லை.

தெரு என்றதும் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. சித்தலிங்கையா தம் வாழ்க்கையை எழுதிய நூலுக்கு 'ஊரு கேரி' என்று பெயர். கன்னடச் செவிக்குக் கேரி. தமிழ்ச் செவிக்குச் சேரி. கிவி, செவி என்பது போன்ற மாற்றம்தான், சொல் ஒன்றே. பழந்தமிழில் சேரி என்பதற்கு மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு என்பதே பொருள். அதில் இழிவு இல்லை. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரி என்ற சொல்லும் வந்துவிடுகிறது. மரபு சொல்லும் கணக்குப்படி இராமானுசர் 1017இல் பிறந்தார். அவர் பிறந்த காலத்திலேயே சொல் கல்லில் ஏறியிருந்தது என்று பொருள்.

அந்நூலைப் பாவண்ணன் 'ஊரும் சேரியும்' என்று தமிழாக்கியிருக்கிறார். கருநாடகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்த தமிழ் எழுத்தாளர் அவர். படிப்பவர்கள் வாய்விட்டுச் சிரிக்கும் பக்கங்களும் அதில் உண்டு என்பதைப் பயந்திருக்கும் நண்பர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அதிலிருந்து ஒரு பகுதியைத் தமிழிலும், 'ஹொலெமாதிகர ஹாடு' தொகுதியிலிருந்து ஒரு பாட்டைக் கன்னடத்திலும் படிக்கலாம். கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் நம்மில் சிலரேனும் இருக்கிறார்கள்.